சிவப்புப் பொட்டா, தூரக் கண்ணாடியா?

துப்பாக்கிக்கு ஏற்ற கண் எது?

1970-ம் ஆண்டு. வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஹனாய் நகருக்கு மேற்கே, சோன்டே என்னும் இடத்தில் அமெரிக்கப் போர்க் கைதிகளின் முகாம் ஒன்று இருந்தது. நள்ளிரவில் ஹெலிகாப்டரில் போய் இறங்கி, அவர்களை மீட்டு வர ஏற்பாடாயிற்று. 56 வீரர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டார்கள். புளோரிடா மாகாணத்தில் அவர்களுக்குப் பயிற்சி நடந்தது.

பயிற்சியில் ஒரு சங்கடம் தலைகாட்டியது. பகலில் குறி தவறாத அதே கைகள் இரவில் தவறின. காரணம் எளிதுதான். சாதாரணத் துப்பாக்கியில் குழலின் நுனியில் ஒரு முனை இருக்கும். கண்ணருகே ஒரு துவாரம் இருக்கும். துவாரம், முனை, எதிரி ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்திய பிறகே சுட வேண்டும். இருட்டில் அந்த முனையே தெரியாவிட்டால் என்ன செய்வது?

கடைசியில் கைகொடுத்தது ராணுவக் கிடங்கு அல்ல, கடைச் சரக்கு! ஐம்பது டாலருக்கும் குறைந்த விலையுள்ள ஒரு சிறு குழாய். அதன் முன்பக்கம் அடைத்திருக்கும். உள்ளே ஒரு சிவப்புப் பொட்டு மின்னும். ஒரு கண் பொட்டை மட்டும் பார்க்கும். மறு கண் எதிரியைப் பார்க்கும். இரண்டையும் மூளை ஒன்றாகச் சேர்த்து, எதிரியின் மீதே பொட்டு வைத்ததுபோல் காட்டிவிடும்.

நவம்பர் 21 அதிகாலையில் வீரர்கள் முகாமில் குதித்தார்கள். ஆனால் கைதிகளை அதற்கு முன்பே வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள்! படை வெறுங்கையுடன் திரும்பியது. ஆயினும் சிவப்புப் பொட்டின் பெருமை அன்றே நிலைத்துவிட்டது.

கண்ணாடி செய்யும் மாயம்

இதன் மூல யோசனை பழையது. டப்ளின் நகரத்து விஞ்ஞானி சர் ஹோவர்ட் கிரப் 1900-ம் ஆண்டிலேயே இதைக் கண்டு சொன்னார். வளைந்த கண்ணாடி ஒன்றின் குவியத்தில் சிறு ஒளியை வைத்தால், அதிலிருந்து திரும்பும் கதிர்கள் இணை கோடுகளாக வரும். ஆகவே பொட்டு கண்ணாடியில் ஒட்டியிருப்பதாகத் தோன்றாது. வெகு தூரத்தில், இலக்கின் அருகிலேயே மிதப்பதாகத் தோன்றும். தலை சற்று விலகினாலும் பெரிய பிசகு வராது. இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டே சுடலாம்.

ஸ்வீடன் நாட்டு எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975-ல் மின்சாரச் சிவப்புப் பொட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1997-ல் அமெரிக்க ராணுவமும் அந்த நிறுவனத்திடம் வாங்கத் தொடங்கியது.

நான்கு மடங்கு பார்வை

மற்றொரு கட்சி தூரக் கண்ணாடிக் கட்சி. பிரிட்டிஷ் ராணுவம் 1985-ல் புதிய ரைபிளை ஏற்றபோது, நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியையும் காலாட்படையினருக்குச் சேர்த்தே கொடுத்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கிளின் பிண்டன் என்னும் பொறியியல் நிபுணரின் டிரிஜிகான் நிறுவனம், 1987-ல் ஏகாக் என்ற கண்ணாடியை வெளியிட்டது. பின்னர் அமெரிக்க மெரீன் படையினர் விரும்பி ஏந்தியது இதைத்தான்.

இதில் 300 மீட்டரில் நிற்கும் மனிதன் 75 மீட்டரில் நிற்பவனாகத் தெரிவான். ஆனால் இந்தப் பார்வைக்கு ஒரு விலை உண்டு. ஏகாக்கின் நான்கு மடங்குக் கண்ணாடி காட்டும் அகலம் ஏழு டிகிரிதான். பத்து மீட்டர் தூரத்தில் அது வெறும் 1.2 மீட்டர்! கண்ணையும் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றரை அங்குலத்தில் சரியாக வைக்க வேண்டும். அவசரத்தில் விலகினால் கறுப்பு நிழல்தான் மிஞ்சும்.

சந்தும் மலையும்

இராக்கின் பல்லூஜா நகரில் 2004-ல் வீடு வீடாகச் சண்டை நடந்தது. கதவைத் திறந்ததும் எதிரி ஐந்தடியில் நிற்கலாம். அங்கே கண் இமைக்கும் நேரத்தில் இலக்கில் விழும் பொட்டு உயிர் காக்கும். ஆப்கானிஸ்தான மலைகளின் கதையோ வேறு. அங்கே பாதிக்கு மேற்பட்ட மோதல்கள் 300 மீட்டருக்கு அப்பால் நிகழ்கின்றன என்று, 2009-ல் மேஜர் தாமஸ் எர்ஹார்ட் என்ற அமெரிக்க அதிகாரி தமது ஆராய்ச்சியில் எடுத்துக்காட்டினார். ராணுவத்தார் பயன்படுத்திய ஒருவகைப் பொட்டு 100 மீட்டரில் சுமார் 12 சென்டிமீட்டர் அகலத்தை மறைக்கும். 300 மீட்டரிலோ 35 சென்டிமீட்டர்! பாறைக்கு மேல் தலை மட்டும் நீட்டுபவனை அந்தப் பொட்டே முழுவதும் விழுங்கிவிடும்.

அவன் யார்?

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. தூரத்தில் நிற்பவன் கையில் இருப்பது துப்பாக்கியா, மண்வெட்டியா? பொட்டு, எங்கே சுடுகிறோம் என்று சொல்லும். யாரைச் சுடுகிறோம் என்று சொல்லாது. தூரக் கண்ணாடி ஒரு குடியானவனின் உயிரைக் காப்பாற்றக்கூடும். வேட்டைக்காரர்களுக்கும் இது பொருந்தும். புதருக்குப் பின்னால் அசைவது மானா, மனிதனா?

இதிலும் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. துப்பாக்கியின் கண்ணாடியால் ஒருவனைப் பார்த்தால், துப்பாக்கியின் வாயும் அவனையே பார்க்கிறது! ஆகவேதான் வேட்டையாடுவோர், ஆளை அறியத் தனியாகப் பைனாகுலர் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

இரண்டும் ஒன்றாக

பொட்டின் பின்னால் மூன்று மடங்குக் கண்ணாடியைப் பொருத்தி, வேண்டாதபோது மடக்கிவிடும் முறை வந்தது. ஒரு மடங்கிலிருந்து எட்டு மடங்குவரை திருகி மாற்றும் கண்ணாடியும் வந்தது. 2020-ல் மெரீன் படை இத்தகையதைத் தேர்ந்தெடுத்தது. 2022-ல் அமெரிக்கத் தரைப்படை, தூரத்தை லேசர் ஒளியால் தானே அளக்கும் கருவியுடன் கூடியதை ஏற்றது. ஆனால் கனமும் விலையும் ஏறிவிட்டன. அவசரத்தில் திருகை மாற்ற மறந்தவனுக்கு இரண்டு வசதியும் இல்லை!

பொட்டிலும் குறை உண்டு. மின்கலம் தீர்ந்தால் பொட்டு அணைந்துவிடும். ஆகவே பழைய முனையையும் துவாரத்தையும் கழற்றாமல் வைப்போர் பலர். கருவிழி வளைவில் கோளாறு உள்ளவருக்குப் பொட்டு உருண்டையாகத் தெரியாது. சிதறிய நட்சத்திரமாகத் தெரியும்.

அப்படியானால் எது சிறந்தது? எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். ஐம்பது மீட்டரும் அரை நொடியும் என்றால் பொட்டு. முந்நூறு மீட்டரும் நிதானமும் என்றால் தூரக் கண்ணாடி. ஆனால் எதிரே நிற்பவன் யார் என்று தெரியாத வரையில் விரலை எடுத்துவிடும் அறிவை எந்தக் கண்ணாடியும் தருவதில்லை. அது மனிதனிடம்தான் இருக்க வேண்டும்!