பிறந்த பிள்ளையின் முதல் மலம்

பால் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்க்கும் வீட்டார், முதல் மலம் எப்போது போனது என்பதையும் குறித்துவைக்க வேண்டும். மாதம் நிறைந்து பிறந்த குழந்தை பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் கரும்பச்சை நிறத்தில், பிசுபிசுப்பாக மலம் கழித்துவிடும். 48 மணி நேரமாகியும் போகவில்லை, வயிறு உப்புகிறது, பச்சையாக வாந்தி வருகிறது என்றால் மருத்துவர்கள் சந்தேகிக்கும் நோய்களில் ஒன்று ஹிர்ஷ்ஸ்பிரங்.

குழாய்ச் சுவரில் நரம்புகள்

நம் குடல் வெறும் குழாயல்ல. அதன் சுவருக்குள் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் தசையைச் சுருக்கி, அடுத்த இடத்தைத் தளர்த்தி, உள்ளிருப்பதைக் கீழே நகர்த்துபவை இவைதான். மூளையின் உத்தரவு இல்லாமலும் வேலை நடக்கும்.

இந்தச் செல்கள் குடலிலேயே தோன்றுவதில்லை. கருவில் மேலிருந்து கீழாகக் குடல் நெடுக நகர்ந்து, முதல் மூன்று மாதங்களுக்குள் ஆசனவாய்வரை வந்து சேர வேண்டும். ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு அவை பாதியில் நின்றுவிடுகின்றன; இதுதான் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய். ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதால்தான் இப்படி ஆனது என்று தாயைக் குற்றம் சொல்வது அநியாயம்.

வீங்கிய இடம் நல்ல குடல்

டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் 1886-ல் இரண்டு குழந்தைகளின் ஊதிப்பெருத்த பெருங்குடலை விவரித்தார். பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் அந்த வீக்கத்தையே நோயாகக் கருதியது. உண்மை தலைகீழ். வீங்கியதுதான் நல்ல குடல். அதற்குக் கீழே, பார்வைக்குக் குறையில்லாத பகுதியில்தான் நரம்பு செல்கள் இல்லை. தளர முடியாமல் அது இறுகி நிற்க, மலத்தைத் தள்ளித் தள்ளியே மேற்பகுதி வீங்குகிறது. இதை உணர்ந்த அறுவை மருத்துவர் ஓர்வர் ஸ்வென்சன், நரம்பில்லாத பகுதியை நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்து இணைக்கும் அறுவை சிகிச்சையை 1948-ல் வெளியிட்டார். இன்றைய சிகிச்சையும் அதே அடிப்படையில்தான் நடக்கிறது. வயிற்றைத் திறக்காமல் ஆசனவாய் வழியாகவே செய்யவும் பல குழந்தைகளுக்கு முடிகிறது.

வெற்றிலைக் காம்பு வேண்டாம்

மலம் போகாத பிள்ளைக்கு வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். சோப்புத் துண்டும் வைப்பார்கள். வாயுவும் மலமும் சீறி வெளியேறும், வயிறு இளகும், எல்லோரும் நிம்மதியாவார்கள். ஹிர்ஷ்ஸ்பிரங் நோயோ, இருந்தால், மாதக்கணக்கில் மறைந்தே இருக்கக்கூடும். சந்தேகம் வந்தால், மருத்துவமனையில் மலக்குடலிலிருந்து துளி சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நோயை உறுதிசெய்துவிடலாம்.

இந்த நோயுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல், உப்பிய வயிறு, துர்நாற்றத்துடன் பீச்சியடிக்கும் வயிற்றுப்போக்கு மூன்றும் சேர்ந்தால் அது குடல் அழற்சியாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளைக்கும் இது வரலாம். சாதாரண வயிற்றுப்போக்கு என்று வீட்டில் வைத்திருக்காமல், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.