குழாய் கழற்றிய வீடு

விருதுநகர் சுலோசன நாடார் தெருவில் காமராஜர் வீட்டுக்கு வருகிறவர்கள் படங்களைப் பார்ப்பார்கள். என் கண் சுவருக்குப் போகும். கொத்தனார் வீட்டில் பிறந்த கோளாறு அது.

எங்கள் பக்கம் கரிசல் மண். மழைக்கு உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலாக அஸ்திவார வானம் தோண்டி எழுப்பிய சுவர் சீக்கிரமே வாயைப் பிளந்துவிடும். சரள் தட்டுப்படும்வரை தோண்டச் சொல்வார் தாத்தா. காளவாசலில் சுட்ட சுண்ணாம்பை மணலோடு மாடு கட்டி அரைப்பார்கள். பூச்சுக்குக் கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேரும். 1960களில் பக்கத்திலேயே ராமசாமிராஜா நகரில் சிமெண்ட் ஆலை வந்த பிறகு சுண்ணாம்பு அரைக்கிற ஆட்கள் குறைந்து போனார்கள்.

காட்டு வேலை பார்க்கிற ஊர்களில் வீடு அகலமாக இருக்கும். தொழுவம், வைக்கோல் படப்பு, தானியக் குலுக்கை எல்லாவற்றுக்கும் இடம் வேண்டுமே. விருதுநகர் வியாபார ஊர். பஜாரை ஒட்டிய இடத்துக்குக் கிராக்கி அதிகம். சுவரோடு சுவர் ஒட்டித்தான் வீடு. திண்ணை, தார்சா, பட்டாசல், அரங்கு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

வீட்டைப் பார்த்தால் அந்தக் குடும்பத்தின் வரவு செலவு எனக்குத் தெரிந்துவிடும். வியாபாரம் கூடிய வருஷம் மச்சு ஏறும். மகள் கல்யாணத்துக்கு முன்னால் தரை மாறும்.

காமராஜர் வீட்டு வரவு செலவைச் சொல்கிறேன். 1903 ஜூலை 15 அன்று அவர் பிறந்தபோது தந்தை குமாரசாமி தேங்காய் வியாபாரி. பையனுக்கு ஆறு வயதிருக்கும்போது அவர் இறந்துவிட்டார். தாய் சிவகாமி அம்மாள் நகையை விற்று, பணத்தை ஒரு வியாபாரியிடம் வட்டிக்குப் போட்டார். மகனும் மகள் நாகம்மாளும் அந்த வட்டியில் வளர்ந்தார்கள். மகன் படித்தது க்ஷத்ரிய வித்யாசாலாவில். வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி நடத்திய பள்ளிக்கூடம். ஊர் அடுப்படிகளெல்லாம் சேர்ந்து எழுப்பிய கட்டடம் என்றே அதைச் சொல்லலாம். பாதியில் படிப்பை விட்டு, மாமாவின் ஜவுளிக்கடைக்குப் போனார்.

1954 முதல் 1963 வரை முதலமைச்சர். எங்கள் தொழிலில் இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைத்தால் பத்து வருஷத்துக்கு வேலை உறுதி. இந்த வீட்டுக்கு நகராட்சி தனியாக ஒரு குடிநீர்க் குழாய் போட்டது. வந்து பார்த்தவர் கழற்றச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மாதம் 120 ரூபாய்தான் அனுப்புவார். பார்க்க வருகிறவர்கள் கூட்டம் தாங்காமல், கழிப்பறை கட்டப் பக்கத்து இடத்தை வாங்கலாம் என்று அம்மா கேட்டதற்கும் சம்மதிக்கவில்லை என்பார்கள் ஊரில். இங்கேதான் எனக்கு அவரோடு வழக்கு. குழாயைக் கழற்றியது சரி. வயசான அம்மாவுக்குக் கழிப்பறை வேண்டாமா?

சென்னையில் கடைசிவரை அவர் இருந்தது தியாகராய நகர் திருமலைப்பிள்ளை சாலையில் ஒரு வாடகை வீடு. 1975 அக்டோபர் 2 அன்று அங்கேதான் காலமானார். இப்போது இரண்டுமே அரசு நினைவில்லங்கள்.

அவற்றை அரசு பார்த்துக்கொள்ளும். சுற்றுத் தெருக்களில் இன்னும் சுண்ணாம்புச் சுவர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பூச்சு பொரிந்தால் மேலே சிமெண்ட் அடிக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். உள்ளேயே உப்புப் பூத்துச் செங்கல் மாவாகும். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆள் தேடினால் கிடைப்பார். கூலிதான் கொஞ்சம் கூட.