தானியங்கிக் கியரிலிருந்து கைக் கியருக்கு

ஆண்டுதோறும் நம் சங்க மலரில் இலக்கியம், கோயிற்கலை, மருத்துவம் என்று அறிந்தவர்கள் எழுதுகிறார்கள். இம்முறை செயலாளர் என்னிடம், "சார், நீங்க வண்டிக் கம்பெனியில இருந்தவர்தானே, அதைப் பத்தியே எழுதுங்களேன்" என்றார். முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்தப் புனே நகரில் கியர் பெட்டிகளோடு காலம் தள்ளியவன் நான். எனக்குத் தெரிந்ததும் அதுதான். 2018 கோடையில், அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு பழைய ஸ்டேஷன் வேகனின் தானியங்கிக் கியரைக் கழற்றிவிட்டுக் கைக் கியர் பொருத்தினோம். அதில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. அதைச் சொல்வதற்காகவே எழுத ஒப்புக்கொண்டேன்.

ஸ்டேஷன் வேகன் என்பது கார்தான். கூரை பின்னால் வரை நீண்டு, சாமான் வைக்கும் இடமும் உட்காரும் இடமும் ஒன்றாக இருக்கும். 1990களில் நம் சாலைகளில் ஓடிய டாடா எஸ்டேட்டைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மாப்பிள்ளையிடம் இருந்தது 1991 ஆம் ஆண்டு வால்வோ 240. ஸ்வீடன் நாட்டு வண்டி. 1974 முதல் 1993 வரை ஏறக்குறைய 28 லட்சம் வண்டிகள் செய்தார்கள். இதன் 2.3 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின் லேசில் சாகாது என்று பெயர் பெற்றது.

எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. கியர் பெட்டிதான் வழுக்கத் தொடங்கியது. மேட்டில் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. எண்ணெயைத் தொட்டுப் பார்த்தேன். கறுத்துப்போய்த் தீய்ந்த வாடை. பழுது பார்க்கக் கேட்ட தொகை வண்டியின் விலையையே தாண்டியது. "வித்துடலாம் மாமா" என்றார் மாப்பிள்ளை. பக்கத்தில் நின்ற பதினாறு வயதுப் பேரன், "தாத்தா, நீங்க கியர்பாக்ஸ் இஞ்சினியர்தானே?" என்றான். அதற்கு மேல் நான் சும்மா இருக்க முடியுமா?

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

எஞ்சின் நிற்காமல் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். சக்கரமோ சில நேரம் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தும் பிரித்தும் வைப்பதே முதல் வேலை. வேகத்திற்கேற்பப் பற்சக்கர விகிதத்தை மாற்றுவது இரண்டாவது வேலை.

கைக் கியரில் முதல் வேலையைக் கிளட்ச் செய்கிறது. எஞ்சினின் பின்முனையில் தோசைக்கல் போலக் கனத்த ஒரு சக்கரம். அதன்மேல் ஓர் உராய்வுத் தகட்டை ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் பிடி விடுகிறது. கியரை மாற்றுவது நம் கை.

தானியங்கியில் கிளட்ச் பெடல் கிடையாது. ஒரு மின்விசிறியை ஓடவிட்டு எதிரே ஓடாத விசிறி ஒன்றை வைத்தால், காற்றின் தள்ளலில் அதுவும் சுழலும் அல்லவா? அதே போல எண்ணெய் நிரம்பிய கூட்டுக்குள் எதிரெதிரே இரண்டு விசிறிகள். இதுதான் டார்க் கன்வெர்ட்டர். அதற்குப் பின்னால் கோள் பற்சக்கரங்கள். நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிவரும் சிறு சக்கரங்கள், வெளியே உட்புறம் பல் வெட்டிய ஒரு வளையம். இவற்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோமோ அதற்கேற்ப விகிதம் மாறும். பிடித்து நிறுத்துபவை எண்ணெய் அழுத்தத்தில் இறுகும் தகடுகள். எங்கள் வண்டியில் தேய்ந்து எரிந்தவை அவைதான்.

என்னென்ன மாற வேண்டும்?

பெட்டியைக் கழற்றி வேறு பெட்டி மாட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நல்ல வேளையாக இதே வண்டியை ஐந்து கியர் கொண்ட எம்47 என்ற கைக் கியர் பெட்டியோடும் விற்றிருந்தார்கள். காயலான் கடை ஒன்றில், முன்பக்கம் நசுங்கிய அதே ஆண்டு வண்டி கிடைத்தது. "பெட்டியை மட்டும் வாங்காதீங்க மாப்பிள்ளை, அதைத் தொட்டுக்கிட்டிருக்கிற எல்லாத்தையும் வாங்குங்க" என்றேன். வாங்கியவை இவை:

கியர் பெட்டி, அதன் மணி வடிவக் கூடு, அடியில் தாங்கும் குறுக்குச் சட்டம். கனத்த ஃப்ளைவீல், தானியங்கியில் இதன் இடத்தில் மெல்லிய தகடுதான் இருக்கும். கிளட்ச் கேபிள். பெடல் தொகுதி முழுவதும். பின்சக்கரத்திற்குப் போகும் இரு துண்டுத் தண்டில் முன் துண்டு. பெட்டி மாறினால் அந்த நீளமும் மாறும். கியர் கம்பு. கிளட்ச் தகடு, அழுத்தும் தட்டு, விடுவிக்கும் பேரிங் மூன்றையும் புதிதாக வாங்கினோம். தேயும் பொருளில் சிக்கனம் பார்த்தால் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

இரண்டு நுட்பங்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கைக் கியர் பெட்டியின் முன் தண்டு, எஞ்சின் கிராங்கின் பின்முனையிலுள்ள ஒரு சிறு பேரிங்கில் உட்காரும். தானியங்கிக்கு அது தேவையில்லை என்பதால் அங்கே இருக்காது. மறந்தால் பெட்டி சீக்கிரமே சத்தம் போடும். இரண்டாவது, இந்த ஆண்டு வண்டியில் ஃப்ளைவீலின் விளிம்பிலுள்ள பற்களை ஓர் உணர்கருவி எண்ணுகிறது. அறுபது பல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டை விட்டுவிட்டு ஐம்பத்தெட்டு வைத்திருப்பார்கள். அந்த இடைவெளி கடந்து போவதை வைத்துத்தான் எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று கணினி அறிந்து தீப்பொறி தருகிறது. ஃப்ளைவீலின் போல்ட்டுகளோ வட்டமாக ஒரே இடைவெளியில் இருப்பவை. எப்படித் திருப்பி வைத்தாலும் மாட்டிவிடலாம், ஆனால் சரியான நிலை ஒன்றுதான். தவறினால் எஞ்சின் உயிர் பெறாது. பழைய தகட்டைக் கழற்றுமுன் பெயிண்டால் குறி போட்டுக்கொண்டோம்.

ரேடியேட்டருக்குப் போன எண்ணெய்க் குழாய்களை எடுத்துவிட்டு வாய்களை அடைத்தோம். பின்னால் எரியும் ரிவர்ஸ் விளக்கின் ஒயரைப் புதுப் பெட்டியின் சுவிட்சோடு இணைத்தோம். டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துப் பெடல்களை மாற்றியதுதான் பெரும்பாடு. அதை மாப்பிள்ளை செய்தார். ஒன்பது நாள் வேலை.

நான் செய்த தவறு

தானியங்கி வண்டியில் கம்பு 'பி' அல்லது 'என்' நிலையில் இருந்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். கம்போடு சேர்ந்த ஒரு சுவிட்ச் அதைக் காவல் காக்கிறது. பழைய கம்பை எடுத்ததும் அந்தச் சுவிட்சும் போயிற்று. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. "ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னவன் நான்தான். வண்டி கிளம்பிவிட்டது. கைதட்டினோம். அந்த 'அப்புறம்' வரவில்லை.

'பி' நிலையில் தானியங்கிப் பெட்டிக்குள் ஒரு கொக்கி விழுந்து தண்டைப் பூட்டிவிடும். கைக் கியரில் அது இல்லை. அதனால், நிறுத்தும்போது முதல் கியரில் போட்டு நிறுத்தப் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதுவும் சரியான பாடமே. மூன்றாம் நாள் மாலை, பேரன் வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். தானியங்கி வண்டியில் எப்போதும் அப்படிச் செய்து பழகியவன். கியரில் இருந்த வண்டி ஒரே துள்ளலாக முன்னே பாய்ந்தது. சுவரோரம் இருந்த மரப் பட்டறை மேசை நொறுங்கியது. அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை அந்த மேசையின்மேல் குனிந்து ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தார்.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் மட்டும், "அப்பா, காபி குடிங்க" என்று டம்ளரைக் கையில் கொடுத்தாள். என் கை நடுங்கியதை அவள் பார்த்திருப்பாள். மறுநாள் காலை முதல் வேலையாகக் கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் பொருத்தி, அந்த இரண்டு ஒயர்களையும் அதன் வழியாக விட்டோம். இப்போது கிளட்சை முழுவதும் மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். ஒரு சுவிட்ச், இரண்டு முழ ஒயர். முதல் நாளே முடித்திருக்க வேண்டிய வேலை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தும் எனக்கு உறைக்காதது அன்று உறைத்தது. ஓர் உறுப்பை எடுக்கும்போது அதன் பாகங்களை மட்டும் எண்ணினால் போதாது. அது சொல்லாமல் செய்துவந்த காவல் வேலைகளையும் எண்ணி, ஒவ்வொன்றையும் இனி யார் செய்வது என்று எழுதிவைக்க வேண்டும்.

நம் ஊரில் செய்யலாமா?

இங்கே செய்ய வேண்டாம் என்பதே என் பதில். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரலாம். மேலும், இன்றைய வண்டிகளில் எஞ்சின் கணினியும் கியர் கணினியும் ஒன்றோடொன்று பேசுபவை. ஒன்றைப் பிடுங்கினால் மற்றது முரண்டு பிடிக்கும்.

ஆனால் இன்னொன்றைக் கவனியுங்கள். 2014 இல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டில் பரவத் தொடங்கிய ஏஎம்டி வண்டிகள் உள்ளுக்குள் கைக் கியர் வண்டிகளே. கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு பொறி இயக்குகிறது. இவற்றில் பலவற்றில் 'பி' நிலையே கிடையாது. பெடல் இரண்டுதானே, தானியங்கிதானே என்று எண்ணி, மேட்டில் 'என்' நிலையில் விட்டு இறங்கினால் வண்டி உருளும். கை பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வீட்டில் இந்த வண்டி இருப்பவர்கள் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

பேரன் அந்த வேகனிலேயே கல்லூரிக்குப் போனான். தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டியா?" என்பதற்கு அடுத்து நான் கேட்பது ஒன்றே. அவனும் சிரித்துக்கொண்டே சொல்வான்: "கியர்ல போட்டேன், ஹேண்ட் பிரேக்கும் இழுத்தேன் தாத்தா."