மருந்து பாட்டிலில் ரேடியோ சிப்... மருந்து கெட்டுப்போகுமா?

டோல்கேட்டை கார் நெருங்குகிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கை மேலே இருக்கும் ரீடர் படிக்கிறது, பணம் கழிந்துவிடுகிறது. இதே ரகத்தைச் சேர்ந்த ஒரு சின்ன டேக், மருந்து பாட்டில்களிலும் ஒட்டப்படுகிறது. ஆர்.எஃப்.ஐ.டி என்று பெயர்.

போலி மருந்தைப் பிடிப்பதுதான் நோக்கம். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு தனி எண். கம்பெனி பதிவில் இல்லாத எண் கடைக்கு வந்தால் உஷாராகிவிடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ, 2004-ல் இதைச் சோதித்துப் பார்க்க வழிவிட்டது. 'ஆக்ஸிகான்டின்' வலி மாத்திரை பாட்டில்களிலும், பிறகு வயாகரா பாட்டில்களிலும் டேக் ஏறியது.

மருந்துக்கு ஆபத்தா?

இந்த டேகில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலை பட்டால்தான் அது விழித்து, தன் எண்ணைச் சொல்லும். மற்ற நேரமெல்லாம் தூக்கம்தான். ரேடியோ அலை, எக்ஸ்ரே போல மூலக்கூறுகளை உடைக்காது. அதிகபட்சம் கொஞ்சம் சூடாக்கும். மைக்ரோவேவ் அடுப்பின் சக்தி பல நூறு வாட். ரீடரின் சக்தி சில வாட்தான். உலர்ந்த மாத்திரைக்கு இது பெரிய விஷயமில்லை.

ஆனால், தடுப்பூசி போன்ற உயிரியல் மருந்துகள் வேறு ஜாதி. புரதங்கள் சூட்டுக்குச் சட்டென்று குணம் மாறும். அதனால்தான் 2004-ல் வழிவிட்டபோதே, உயிரியல் மருந்துகளை எஃப்.டி.ஏ தள்ளிவைத்தது.

நிஜமான சிக்கல் எங்கே?

பாட்டிலில் அல்ல, அதைப் படிக்கும் ரீடரில்! ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆய்வுக் குழு, 41 மருத்துவக் கருவிகளின் அருகே ஆர்.எஃப்.ஐ.டி சாதனங்களை இயக்கிப் பார்த்தது. நல்லவேளை, எந்தக் கருவியிலும் நோயாளி இல்லை. 123 சோதனைகளில் 34 முறை கருவிகள் தடுமாறின. அதில் 22 முறை, நோயாளி இருந்திருந்தால் ஆபத்து. வென்டிலேட்டர் அணைந்தது, சிரிஞ்ச் பம்ப் நின்றது, வெளியே பொருத்தும் பேஸ்மேக்கர் தாறுமாறாக வேலை செய்தது. 2008-ல் அமெரிக்க மருத்துவ இதழான 'ஜாமா'வில் இது வெளியானது.

அதிகம் தொந்தரவு செய்தது 868 மெகாஹெர்ட்ஸ் ரீடர். நம் ஃபாஸ்டேக் இயங்குவதும் ஏறக்குறைய இதே அலைவரிசையில்தான். தடுமாற்றங்களில் பாதி, 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நடந்தவை. ஆனால், 6 மீட்டர் தள்ளியும் ஒரு கருவி பாதிக்கப்பட்டது.

ஆக, வீட்டு அலமாரியில் இருக்கும் டேக் ஒட்டிய பாட்டிலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஐ.சி.யு-வில் மருந்துகளை ரீடர் வைத்துக் கணக்கெடுக்கும் ஆஸ்பத்திரிதான், தன் கருவிகளோடு அதை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும்.

இந்தியா தேர்ந்தெடுத்தது இன்னும் எளிய வழி. 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் 300 முன்னணி மருந்து பிராண்டுகளில் பார்கோடு அல்லது க்யூ.ஆர் கோடு கட்டாயம். அது வெறும் அச்சு மை. அலை எதுவும் வராது. அடுத்த முறை மாத்திரை வாங்கும்போது அந்தக் கோடு இருந்தால், போனில் ஸ்கேன் செய்யுங்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்!