பக்கிள் போட்டபடியே கழன்ற காலர்

தீபாவளிக்கு முந்தின ராத்திரி, தெருவுல ஒரு சரவெடி. எங்க சிப்பிப்பாறை பின்பக்கமா இழுத்துத் தலையைக் குனிஞ்சான். அடுத்த நொடி என் கையில் கயிறும் காலரும் மட்டும். மெயின் ரோட்டில்தான் பிடிக்க முடிஞ்சது. காலர் அறுந்திருக்கும்னு நினைச்சேன். பார்த்தா பக்கிள் போட்டபடியே இருக்கு!

சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்குக் கழுத்தோடு பார்த்தால் தலை ஒடுக்கம். சாதாரண காலரில் இரண்டு விரல் நுழையும் இடம் விடணும். அந்த இடத்திலேயே தலை உருவிக்கும். இன்னும் இறுக்கினால் மூச்சுக்குழாய் நசுங்கும்.

இவங்களுக்கு மார்ட்டிங்கேல் காலர்தான் சரி. பெரிய வளையம் கழுத்தில். அதன் இரு முனைகளையும் கோக்கும் சின்ன வளையத்தில் கயிறு. இழுத்தால் ஓர் அளவுக்கு இறுகும், விட்டால் தளரும். லிமிட் வெச்ச லூப்னு வெச்சுக்கோங்க. சோக் செயினில் அந்த லிமிட் கிடையாது. மாட்டி இழுத்துப் பாருங்க: முனைகளில் இருக்கும் இரண்டு இரும்பு வளையமும் முட்டிக்கிட்டா காலர் லூஸ்.

வீட்டுக்கு வந்ததும் கழற்றிடுங்க. ஜன்னல் கம்பியில் மாட்டினால் அதுவே கழுத்தை இறுக்கிடும். போன் நம்பர் டேக்கை மெல்லிசா வேறொரு காலர்ல போட்டிருக்கேன்.