காக்கைக்கும் கொலவெறிக்கும் என்ன உறவு?

1934-ல் அடையாறில் ஒரு விநோத வேலை இருந்தது. துப்பாக்கியும் கையுமாக நின்று காக்கைகளை விரட்ட வேண்டும், அவ்வளவுதான். அங்கே மீனாட்சி சினிடோன் என்று ஒரு ஸ்டூடியோ. கூரை கிடையாது, சூரியன்தான் விளக்கு. பாட்டானாலும் வசனமானாலும் கேமரா ஓடும்போதே ஒலிப்பதிவும் நடந்தாக வேண்டும். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மிச்சம் மீதிக்கு வந்து குவியும் காக்கைகள் கரைய ஆரம்பித்தால் எடுத்த ஷாட் வீண். அதனால் சம்பளம் கொடுத்து ஒரு ஆங்கிலோ-இந்தியரைக் காவலுக்கு வைத்தார்கள் என்று சினிமா வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். அங்கே தயாரான படம் ‘பவளக்கொடி’. எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம். இயக்கிய கே.சுப்ரமணியத்துக்கும் அதுவே முதல் படம்.

இப்போது 77 ஆண்டுகள் தள்ளி வருவோம். 2011 நவம்பரில் ‘3’ படத்தின் ‘கொலவெறி’ பாட்டு யூடியூபில் வெளியாகி, தமிழே தெரியாத ஊர்களிலும் முணுமுணுக்கப்பட்டது. இசையமைத்த அனிருத்துக்கு அப்போது 21 வயது. அவர் கே.சுப்ரமணியத்தின் கொள்ளுப்பேரன். நடுவில் இருக்கும் தாத்தா எஸ்.வி.ரமணனோ வானொலி விளம்பரங்களாலும் நிகழ்ச்சிகளாலும் பெயர் பெற்றவர். பேசும்பட ஆரம்பம், வானொலி, யூடியூப் என்று மூன்று யுகமும் ஒரே வீட்டுக்குள் அடங்கிவிட்டது.

இசைத் துணுக்கு என்றால் ‘இந்தப் பாட்டு எந்த ராகம், அந்தப் படம் எந்த வருஷம்’ என்று நின்றுவிடுவதுதான் வழக்கம். தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் மட்டும் அது அங்கே நிற்பதில்லை. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால், மறுமுனை சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும் இன்னொரு மேடையிலிருந்து வரும். காரணம் பெரிய ரகசியம் இல்லை. மயிலாப்பூர் சபாக்கள், மெரினாவில் வானொலி நிலையம், தி.நகரை ஒட்டிக் கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்கள் எல்லாமே சில கிலோமீட்டருக்குள். கச்சேரி வித்வானுக்கும் கிதார் வாசிப்பவருக்கும் பிழைப்பு தேடி நடந்த தெருக்கள் ஒன்றாகவே இருந்தன.

மாடவீதியிலிருந்து மைக் வரை

‘பவளக்கொடி’யில் ஏறக்குறைய 50 பாடல்கள். எழுதி மெட்டமைத்தவர் பாபநாசம் சிவன். மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் பஜனை பாடிப் போன அதே சிவன்தான். பின்னால், 1944 தீபாவளிக்கு வந்து பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ பாடல்களும் அவருடையவை. அவருக்கு 1971-ல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. சினிமாவுக்கு எழுதிய கைக்குக் கர்நாடக சங்கீதத்தின் உச்ச விருது கிடைத்ததை யாரும் முரணாகப் பார்க்கவில்லை. அவருடைய கீர்த்தனைகள் இன்றும் சபா மேடைகளில் ஒலிக்கின்றன.

படத்துக்கு 50 என்ற கணக்கு பிற்பாடு ஏழெட்டாகக் குறைந்ததில் ரசனை மாற்றத்துக்கும் பங்கு உண்டு. இசைத்தட்டின் பங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 78 சுற்று வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிடம்தான் இடம். நீளமான பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட்டார்கள். நாளடைவில் பாட்டே தட்டுக்குத் தகுந்தபடி சுருங்கியது. நான்கு நிமிடத்துக்குள் பல்லவியும் இரண்டு சரணமும் என்ற அச்சு அங்கே உருவானதுதான்.

அந்தத் தட்டு வியாபாரத்தில் முளைத்தவர்தான் ஏ.வி.மெய்யப்பன். 1932-ல் மவுண்ட் ரோட்டில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஓடியன் கம்பெனியின் தட்டுகளை விற்றவர். பாரதியார் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையும் பிற்பாடு அவரிடம் வந்து சேர்ந்தது. 1947 ஜனவரியில் அவர் வெளியிட்ட ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே.பட்டம்மாள் பாரதியைப் பாடினார். விடுதலை கிடைத்துவிட்டதாகவே ஆனந்தக் கூத்தாடும் பாட்டு, விடுதலைக்கு ஏழு மாதம் முன்பே தியேட்டரில்! ஆகஸ்ட் 14 நள்ளிரவில் சென்னை வானொலியில் பாரதி பாடல்களைப் பாடியவரும் அதே பட்டம்மாள். 1949-ல் மெய்யப்பன் தன் உரிமையை அரசுக்கு விட்டுக்கொடுத்தார்.

வானொலி துரத்திய பாட்டு

சென்னையில் ஒலிபரப்பைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல. 1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முன்னின்று நடத்திய மாகாண வானொலிக் கழகம்தான். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ல் வந்தது. 1952-ல் மத்திய அமைச்சரான பி.வி.கேஸ்கர் சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து ஓரங்கட்ட, மயிலாப்பூர் ரேடியோப் பெட்டிகளின் முள் இலங்கைப் பக்கம் திரும்பியது. இலங்கை வானொலி அறிவிப்பாளர் எஸ்.பி.மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர் குரல் ஆனது அப்படித்தான். கூட்டத்தை மீட்க 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று.

இலங்கைக் காற்று வேறொரு வழியாகவும் வந்தது. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் படித்த ஜே.பி.சந்திரபாபு, தொண்டையை உடைத்து உடைத்துப் பாடும் ‘யோட்லிங்’ முறையைத் தமிழ்ப் பாட்டில் பிரபலமாக்கினார். ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்களின் கூவல் அது. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்கள் அதைத் தட்டில் ஏற்ற, சந்திரபாபு கோடம்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1974-ல் மறைந்த அவருடைய கல்லறை மயிலாப்பூரை ஒட்டிய குயிபிள் தீவில் இருக்கிறது.

நிலவுக்கு ஒரு தட்டு

கதீட்ரல் சாலையில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கும் இடத்தில் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் இருந்தது. அங்கே காபிக்கு நடுவே, சட்டைப் பை நிறையப் பல வண்ணப் பேனாக்களோடு பல மொழிகளில் கவிதை எழுதிக்கொண்டிருந்தவர் பாடகர் பி.பி.ஸ்ரீநிவாஸ். மனிதன் நிலவில் கால் வைத்ததும் அவர் ஆங்கிலத்தில் பாட்டு எழுதி, எஸ்.ஜானகியும் அவருமாகப் பாடி, தட்டாக வெளியிட்டார்கள். இசை எம்.எஸ்.ஸ்ரீராம். தட்டின் பிரதிகள் அதிபர் நிக்சனுக்கும் நீல் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கும் போயின. இருவரிடமிருந்தும் பாராட்டுக் கடிதம் வந்தது.

ஆங்கிலப் பாட்டு எழுதிய இன்னொருவர் தி.நகர் பஸ்லுல்லா சாலைவாசி. 1966 அக்டோபரில் ஐ.நா. சபையில் எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய நிகழ்ச்சியில் ஆங்கிலப் பிரார்த்தனைப் பாடல் ஒன்றும் இருந்தது. எழுதியவர் ராஜாஜி. மேற்கத்திய பாணியில் மெட்டமைத்தவர் ஹேண்டல் மானுவேல். சென்னை வானொலியில் மேற்கத்திய இசையைக் கவனித்தவர், சர்ச் ஆர்கனும் பாடகர் குழுவும் அவர் உலகம். முதுபெரும் அரசியல்வாதி, ஆர்கன் வித்வான், கர்நாடகப் பாடகி மூவரும் சேர்ந்த அந்தப் பாட்டுக்கு 50 ஆண்டு ஆனபோது, 2016 ஆகஸ்ட் 15-ல் அதே மன்றத்தில் எம்.எஸ். நினைவாகக் கச்சேரி செய்தவர் ஏ.ஆர்.ரஹ்மான்.

லஸ் முனையில் பியானோ

ரஹ்மானை இழுத்தால் வந்து நிற்கும் இடம் லஸ். அங்கே சாய் லாட்ஜில் ஒரு சின்ன அறையில் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தார். பண்ணைப்புரத்திலிருந்து வந்த ராசையா அங்கே மாணவர். பெயரை ‘ராஜா’ என்று சுருக்கியவர் மாஸ்டர்தான். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது, ஏ.எம்.ராஜா ஏற்கெனவே பிரபலமாக இருந்ததால் பஞ்சு அருணாசலம் முன்னால் ஒரு ‘இளைய’ சேர்த்தார். பின்னாளில் அதே மாஸ்டரிடம் சிறுவன் ரஹ்மானும் படித்தார். இளையராஜா தேறிய டிரினிட்டி கல்லூரிக் கிதார் தேர்வு போன்றவற்றுக்குச் சென்னையில் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற முகவரி அண்ணா சாலை மியூசி மியூசிக்கல். 1842-ல் மிஸ்கித் என்ற பெயரில் திறந்த கடை அது.

மேற்கும் கிழக்கும் சேர்ந்ததைச் சினிமாவின் கைங்கரியம் என்று நினைப்பவர்களுக்கு முத்துசுவாமி தீட்சிதர் ஒரு நல்ல பதில். மணலி முத்துகிருஷ்ண முதலியார் தயவில் புனித ஜார்ஜ் கோட்டையில் பேண்டு வாத்தியம் கேட்ட அவர், வெள்ளைக்காரர்களின் மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டும் அதில் ஒன்று. ‘நோட்டுஸ்வர சாகித்யம்’ என்று இன்று குழந்தைகளுக்கும் கற்றுத்தருவது இவற்றைத்தான். பல தலைமுறை கழித்து, மயிலாப்பூரில் வாழ்ந்த மதுரை மணி ஐயர் கச்சேரிக் கடைசியில் ‘இங்கிலீஷ் நோட்’ பாடினால் சபாவில் உற்சாகம் பொங்கும். அதை ஆக்கியவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர்.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து நடந்தது. தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில் உள்ள வாணி மஹால், நடிகரும் பாடகருமான சித்தூர் வி.நாகையா முன்னின்று உருவாக்கிய தியாக பிரம்ம கான சபையின் அரங்கு. வெள்ளித்திரையில் தியாகய்யராக வாழ்ந்தவர் சபாவுக்கும் அவர் பெயரையே வைத்தார். தமிழக அரசு விழாக்களில் எல்லோரும் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மோகன ராகத்தில் மெட்டுக் கொடுத்தவரும் சினிமாக்காரர்தான்: எம்.எஸ்.விஸ்வநாதன். 1891-ல் வந்த ‘மனோன்மணீயம்’ நாடகத்து வரிகளை 1970-ல் அரசு ஏற்றது. மாநிலப் பாடலாக அறிவித்த 2021 டிசம்பர் ஆணை, 55 விநாடியில் பாடி முடிக்க வேண்டும் என்கிறது.

கிராமியும் வாக்கெடுப்பும்

தி.நகர் ஹோலி ஏஞ்சல்ஸ் பள்ளியில் அந்தக் காலத்தில் ‘லாக்ரிதம்ஸ்’ என்று மாணவிகள் மட்டுமே உள்ள ராக் குழு ஒன்று இருந்தது. அதில் கிதார் வாசித்தவர் இந்திரா நூயி. பின்னால் பெப்சிகோவின் தலைவர். அவருடைய அக்கா சந்திரிகா டாண்டன் 2025 பிப்ரவரியில் ‘திரிவேணி’ ஆல்பத்துக்காகக் கிராமி விருது வாங்கினார். ஆனால், கடத்துக்குக் கிராமி அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. ‘பிளானெட் டிரம்’ ஆல்பத்தில் கடம் வாசித்த டி.எச்.விக்கு விநாயக்ராம், உலக இசைப் பிரிவில் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட விருதில் பங்காளி. 2024-ல் ‘சக்தி’ குழு விருது வாங்கியபோது மேடையில் நின்றவர்களில் அவர் மகன் செல்வகணேஷும் ஒருவர்.

எண்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 2002-ல் பி.பி.சி. உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில், ‘தளபதி’ படப் பாட்டு ஒன்று உலகின் முதல் பத்தில் நான்காவதாக வந்ததைப் பெருமையாகச் சொல்வோம். ஐந்தாம் இடமும் தமிழுக்குத்தான், இலங்கைப் பாடகர் திருமலை சந்திரன் பாடியது என்பதைச் சொல்வதில்லை. முதலிடம் அயர்லாந்து விடுதலைப் பாட்டுக்கு. ரசிகர்கள் திரண்டு வாக்களித்த போட்டி என்பதால் அது யார் அதிகம் திரண்டார்கள் என்பதையே காட்டுகிறது.

‘இத்தனை ஆயிரம் பாட்டு’ என்ற கணக்கும் அப்படியே. எஸ்.பி.பாலசுப்ரமணியம் 40,000-க்கு மேல் பாடினார் என்று எல்லா மேடையிலும் சொல்வார்கள். தலைப்பு, வருஷம், தட்டு எண்ணோடு முழுப் பட்டியலைக் கேட்டால் யாரும் நீட்டுவதில்லை. பி.சுசீலாவுக்கு 2016-ல் கின்னஸ் கொடுத்த எண் 17,695. 1960-கள் முதல் ஆறுக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் அவர் தனியாகவும், ஜோடியாகவும், கோரஸ் துணையோடும் பாடியவற்றின் எண்ணிக்கை அது. 1950-களிலேயே அவர் முன்னணிக்கு வந்துவிட்டார் என்பதால், அந்தப் பத்தாண்டின் பாடல்கள் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன.