குருவி தலையில் பனங்காய்
சனிக்கிழமை, டண்டினோங் கடைத்தெருவில் சிட்டுக்குருவிகள் சிப்ஸ் பொறுக்கின. மகளின் முதுகில் தமிழ்ப் பள்ளிப் பை, கையில் நீச்சல் பை. "குருவி தலையில பனங்காய் வைச்ச மாதிரி" என்றேன். என் அம்மா சொல்லும் சொல்.

"பனங்காய் எண்டா என்னம்மா?"

இங்கே குருவி உண்டு, பனை இல்லை. குருவியும் வந்தேறிதான். 1860களில் பிறநாட்டு உயிரினங்களைப் பழக்கவென்றே இருந்த சங்கம் ஒன்று, பூச்சி தின்னுமென்று கப்பலில் கொண்டுவந்து விக்டோரியாவில் விட்டது. அது பழத்தையும் தானியத்தையும் சேர்த்தே தின்றது! மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்றும் குடியேற விடுவதில்லை.

பனங்காயை நானே யாழ்ப்பாணம் போய்த்தான் முதலில் தூக்கிப் பார்த்தேன். ஒரு கிலோவுக்கு மேல். குருவியோ 30 கிராம் வரும். சொன்னேன்.

"பாவம்" என்றவள், தமிழ்ப் பையைக் கழற்றி நீட்டினாள். "அப்ப நீங்க தூக்குங்கோ."